ஒற்றைக் கைக்கு ஒரு கப்ளர்

நவம்பர் 4, திங்கள்

காலை பத்து மணிக்கு ஆனைமலை ரங்கநாயகி வந்தாள். தென்னந்தோப்புகளில் தேனீ வளர்க்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. மார்கழி பிறப்பதற்குள் நாற்பது தேன்பெட்டிகள் வேண்டுமாம். கூட்டம் பெருகிப் பெட்டிகள் நிரம்பிவிட்டன, பிரித்துப் புதுப் பெட்டியில் குடிவைக்காவிட்டால் பாதித் தேனீக்கள் பறந்து போய்விடும் என்றாள்.

முடியாது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி கோகிலா முந்திக்கொண்டாள்.

"பண்ணித் தாரேன் ரங்கநாயகி. பலகைய மில்லுல அறுத்துக் குடுத்துட்டாங்கன்னா போதும்."

வலது கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னாள். இடது கை மடியில் கிடந்தது. ஏப்ரலில் பக்கவாதம் வந்ததிலிருந்து அது அப்படித்தான் கிடக்கிறது. கால் தேறிவிட்டது, கோல் இல்லாமல் நடக்கிறாள். கை மட்டும் திரும்பி வரவில்லை.

"அக்கா, நீங்களே பண்ணுவீங்களா?" ரங்கநாயகி தயங்கிக் கேட்டாள்.

"பின்ன? பதினோரு வருசமா யாரு பண்ணுனது?"

ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கொல்லைப்புறக் கார் ஷெட்தான் அவளுடைய பட்டறை. நாங்கள் கார் வாங்கவே இல்லை. காற்றை அழுத்தி நிரப்பும் ஒரு கம்ப்ரசர், சுவரோரம் ஒரு காற்றுக் குழாய், அதிலிருந்து ஒரு ஹோஸ். ஆணி அடிக்க ஒரு கன், தூசி ஊத ஒரு கன், வெளிப்பக்கம் சாயம் அடிக்க ஒரு கன். ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்றையும் மாற்றி மாற்றி ஹோஸில் மாட்டவேண்டும்.

பலகைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள நெம்புகோல் வைத்த ஒரு சட்டத்தை அவளே செய்துவிட்டாள். சுத்தியலும் ஆணியும் என்றால் இரண்டு கை வேண்டும், கன்னுக்கு ஒன்று போதும். ஆனால் ஹோஸ் முனையில் கன்னைக் கவ்விப் பிடிக்கும் கப்ளர் பழைய மாதிரி. ஒரு கையால் அதன் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, மறு கையால் கன்னின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளை உள்ளே தள்ளவேண்டும். அந்த மறு கை நான்தான். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏனுங்க, காத்து!" என்பாள். எழுந்து மாட்டுவேன். மறுபடியும் உட்காருவேன்.

தபால் ஆபீசில் மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் சேர்த்து ஏழாவது மாதம் ஓடுகிறது. இன்று இருபத்தாறு முறை மாட்டிக் கழற்றினேன். நல்ல நாள்.

நவம்பர் 7, வியாழன்

ஒரே கையால் மாட்டக்கூடிய கப்ளர் கடையில் இருக்கும், வாங்கி வாருங்கள் என்று கோகிலா சொன்னாள். பஜாருக்குப் போனேன். காய்கறி வாங்கினேன். கப்ளர் மறந்துவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

இன்றும் மறந்துவிட்டது.

நவம்பர் 9, சனி

அவள் பிசியோதெரபிக்குப் போயிருந்தாள். ஷெட்டில் தனியாக இருந்தபோது ஒரு யோசனை. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கன்னை ஹோஸில் மாட்டிப் பார்த்தேன்.

ஹோஸை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினேன். வளையத்தை இழுத்தால் கப்ளர் மொத்தமும் கூடவே வந்தது. மேஜை விளிம்பில் வளையத்தை மாட்டி இழுத்தேன், நழுவியது. அக்குளில் வைத்தேன். ஒருமுறை நிப்பிள் பாதி நுழைந்து, சீறிக்கொண்டு வெளியே வந்து கன்னைத் தரையில் தள்ளியது. பதினேழு நிமிடம். சட்டை நனைந்துவிட்டது. மாட்ட முடியவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையில் அவள் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிக்கொண்டுதான் அறையிலிருந்து வருகிறாள். தலை வாரி ஒரு கிளிப் போட்டிருப்பாள். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி எனக்குக் காபி தருகிறாள். இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று ஏழு மாதத்தில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எத்தனை பதினேழு நிமிடங்களை அவள் எனக்குத் தெரியாமல் தாண்டியிருக்கிறாள்!

திங்கட்கிழமை கட்டாயம் கடைக்குப் போகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

வாங்கிவிட்டேன். வளையத்தை இழுக்கவே தேவையில்லை, தள்ளினால் தானாகக் கவ்விக்கொள்ளும் கப்ளர். ஆனால் எங்களிடமுள்ள நிப்பிளுக்கு அது சேரவில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன, உள்ளே மூக்கின் நீளம் வேறு. கவ்விக்கொள்கிறது, ஆனால் ஓரத்தில் உஸ்ஸென்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன். குமிழி குமிழியாக வந்தது.

"அவ்வளவு சின்னக் கசிவு, இருந்துட்டுப் போகுதுங்க" என்றாள் கோகிலா.

கசிவு இருக்கவே கூடாது என்று சொல்லிக் கழற்றிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 13, புதன்

புது நிப்பிளும் வாங்கி வந்தேன். இப்போது கசிவு இல்லை. ஆனால் இன்னொரு சிக்கல். ஹோஸ் முனையில் கப்ளர் தொங்கினால், அதையும் பிடிக்கவேண்டும், கன்னையும் பிடிக்கவேண்டும்.

ஆகவே மாற்றி யோசித்தேன். இன்னும் இரண்டு கப்ளர் வாங்கி வந்து மூன்று கன்களிலும் பூட்டினேன், நிப்பிளை ஹோஸ் முனையில் பூட்டினேன். கன்னை மேஜையில் ஒரு கட்டைக்குள் நிறுத்திவிட்டால், ஹோஸ் முனையை ஒரே கையால் உள்ளே குத்திவிடலாம். கழற்றும்போது முதலில் சுவரிலுள்ள வால்வை மூடிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். கோகிலா மூன்று தடவை தானே மாட்டினாள், தானே கழற்றினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கும் பெருமைதான். ஆனாலும் ஸ்டூலை எடுத்து வெளியே போடவில்லை.

நவம்பர் 14, வியாழன்

எழுத்து கோணலாகத்தான் வரும்.

பதினொன்றரை மணி. கோகிலா வால்வை மூடி, ஆணி கன்னைக் கழற்றி, ஆணிச் சரத்தை மாற்றுவதற்காக மடியில் வைத்தாள். ஹோஸ் இல்லாத கன். வெறும் இரும்பு என்றுதான் இருவரும் நினைத்தோம். சரத்தைத் தள்ளும்போது அவள் விரல் விசையில் பட்டது.

டப்.

சேலை மடிப்பைத் துளைத்து, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஆணி இறங்கியது. முழங்காலுக்கும் அதற்கும் இடையே ஓர் அங்குலம். இடது பக்கம், நடக்க முடிந்தாலும் உணர்ச்சி குறைந்த பக்கம். அங்கே பட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்குமா என்றுகூடத் தெரியவில்லை.

கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று இருந்திருக்கிறது. கப்ளரைக் கன்னில் பூட்டியது நான். கழற்றியதும் கப்ளர் வாயை மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

கோகிலா ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சேலதானுங்க கிழிஞ்சுது" என்றாள்.

ஷெட்டைப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில்.

நவம்பர் 15, வெள்ளி

ஷெட் பக்கம் போகவில்லை. அவளும் நானும்.

நவம்பர் 16, சனி

ரங்கநாயகி போன் செய்தாள். ஆறு பெட்டிகள் ஆகியிருக்கின்றன என்று கோகிலா சொன்னாள். மீதி முடியாது என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

காலையில் நான் குளித்து வருவதற்குள் அவள் செருப்புப் போட்டு வாசலில் நின்றிருந்தாள். தோளில் துணிப்பை. அதற்குள் மூன்று கன்களும். என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஷெட்டைத் திறந்து, சாவியைத் திரும்ப அதே பையில் வைத்திருக்கிறாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"கோயமுத்தூருக்கு. நீங்க வாங்கிட்டு வர்றது உங்க கைக்குத்தானுங்க சேருது. என்ற கைக்கு நான்தான் போய்ப் பாக்கோணும்."

"பஸ்ல கூட்டமா இருக்கும் கோகிலா."

"இருக்கட்டும். வர்றதுன்னா வாங்க."

போனேன்.

காட்டூரில் காற்றுக் கருவிகளுக்கென்றே இருக்கும் ஒரு கடை. கடைக்காரர் பெயர் ஷாஜகான், ஐம்பது வயதிருக்கும். நான் பேச ஆரம்பித்தேன். கோகிலா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அண்ணா, எனக்கு ஒரு கைதான் வேல செய்யுது. ஆரோட ஒத்தாசையும் இல்லாம மாட்டோணும், கழட்டோணும். காத்து வெச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காற்றுக் குழாயிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வந்தார். ஒரு டப்பாவைத் திறந்து பத்துப் பன்னிரண்டு கப்ளர்களை மேஜையில் வரிசையாக வைத்தார். பித்தளை, எஃகு, நீலத் தொப்பி போட்ட பிளாஸ்டிக். பிறகு எங்கள் கன்களை எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"கன்னுல கப்ளர யாரு மாட்டுனது?"

"நான்தான்" என்றேன்.

"சார், இத மட்டும் பண்ணக் கூடாது. கன்னுல எப்பவும் நிப்பிள்தான் இருக்கணும். நிப்பிளுக்கு மூடி கெடையாது, கழட்டுனதும் உள்ள இருக்கற காத்து வெளிய போயிரும். கன்னு செத்துரும். கப்ளர் போட்டீங்கன்னா கழட்டுன பின்னாலயும் உசுரோட இருக்கும்."

கோகிலா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக அவளுக்கு நன்றி.

முதலாவது கப்ளரை எடுத்தாள். தள்ளினாள், மாட்டியது. கழற்ற வளையத்தை இழுத்தபோது ஹோஸ் பாம்பு போலத் துள்ளி அவள் தோளில் அடித்தது. நான் ஓடினேன். "கையப் பின்னால கட்டிட்டு நில்லுங்க" என்றாள். நின்றேன். இரண்டாவதில் வளையம் விரலுக்கு மிகச் சின்னது. மூன்றாவது வழுக்கியது. நான்காவதை மேஜையில் வைத்து அழுத்தினாள், உருண்டு ஓடியது. கடைக்கு வந்த இரண்டு மெக்கானிக்குகள் வாங்க வந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் நிறுத்தினாள். மேஜையையே பார்த்தாள்.

"அண்ணா, இது ஆடறதுதான் பிரச்சினை. ஹோஸ் முனையில எதுக்கு இருக்கோணும்? ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு ஹோஸ நெரந்தரமா மாட்டிட்டு, மாத்தற வேலைய செவுத்துல வெச்சுக்கலாமல்ல? செவுரு ஆடாதுங்களே."

ஷாஜகான் அவளைப் பார்த்தார். "இருவது வருசமா விக்கிறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு தகடு, அதில் சுவரில் திருகும்படி பொருத்திய ஒரு கப்ளர். வளையமே இல்லை. பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான். கவுன்டர் மரத்தில் நாலு திருகு போட்டு இறுக்கிக் காற்றைத் திறந்தார்.

கோகிலா ஹோஸ் முனையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். டக். மாட்டியது. பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். புஸ்ஸென்று ஹோஸிலிருந்த காற்று மட்டும் வெளியேறியது, முனை கழன்று வரவில்லை, கவ்வியபடியே இருந்தது. இரண்டாவது முறை அழுத்தினாள். முனை சத்தமில்லாமல் அவள் உள்ளங்கைக்கு வந்தது. துள்ளல் இல்லை, சீறல் இல்லை. முதலில் மூச்சை விட்டுவிட்டு, பிறகுதான் பிடியை விடுகிறது.

மறுபடியும் செய்தாள். மறுபடியும். மெக்கானிக்குகளில் ஒருவர், "அட!" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கோகிலா கேட்டாள். காட்டுவதற்கென்றே குறுக்காக அறுத்த ஒரு கப்ளரை ஷாஜகான் எடுத்து வந்தார். உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன எஃகு குண்டுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நிப்பிளின் கழுத்திலுள்ள பள்ளத்தில் அவை இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தை அந்தக் குண்டுகள் பிடித்து நிறுத்துகின்றன. மாட்டும்போது டக்கென்று கேட்பது அவை விழும் சத்தம்தான். பதினோரு வருடமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறது. அது இதுதான் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிணத்துக்கடவு தாண்டும்வரை அவள் அந்தக் கப்ளரை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தாள்.

ஷெட் சாவியைக் கொடுத்தேன். கேட்காமலே.

நவம்பர் 20, புதன்

சுவரில் தகட்டை அவள் தோள் உயரத்துக்குப் பொருத்தினேன். அது உயரம் என்றாள், இடுப்புக்குச் சற்று மேலே மாற்றினேன். மூன்று கன்களுக்கும் தனித்தனி ஹோஸ், மூன்று கொக்கிகள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். குமிழி இல்லை. மதியம் மறுபடியும் பார்த்தேன்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் மூன்றாவது முறை சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கோகிலா பின்னால் வந்து நின்றாள்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"கசிவு."

"அதுதான் இல்லீங்களே. எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?"

இதை எழுதக் கூடாது என்றுதான் ஏழு மாதமாக இந்த நோட்டில் எழுதாமல் இருந்தேன். அவளிடம் சொல்லிவிட்டதால் இனி எழுதலாம்.

ஏப்ரல் இருபத்தொன்று, ஞாயிறு. அவள் ஷெட்டில் இருந்தாள். நான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடத்துக்கு ஒருதரம் கம்ப்ரசர் ஓடி நின்றுகொண்டிருந்தது. கோகிலா வேலை செய்கிறாள் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் அப்படி நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காபி வேண்டுமா என்று கேட்க எழுந்து போனபோது அவள் தரையில் கிடந்தாள். பழைய கப்ளர் உஸ்ஸென்று கசிந்துகொண்டிருந்தது. காற்று குறையக் குறைய கம்ப்ரசர் தானாக ஓடியிருக்கிறது. ஒருவரும் வேலை செய்யவில்லை. கசிவு இல்லாதிருந்தால் கம்ப்ரசர் நின்றிருக்கும், சத்தம் இல்லையே என்று நான் எழுந்து போயிருப்பேன். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் கையும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரமாயிற்று என்று அவர் கேட்டபோது, தெரியாது என்று சொன்னேன்.

இவ்வளவையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

கோகிலா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நெனப்பு இருந்துதுங்க" என்றாள். "எல்லாமே கேட்டுட்டு இருந்துது. கூப்பிடத்தான் வாய் வரல. நீங்க இருமுனது கேட்டுது. டம்ளர டேபிள்ல வெச்சது கேட்டுது. டிவில யாரோ சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. அவரு அங்கதான் இருக்காரு, எப்படியும் வருவாருன்னு கெடந்தேன். அதனாலதான் எனக்குப் பயமே வரலீங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீங்க இல்லாம இருந்திருந்தா, அந்த நாப்பது நிமிசத்துல நான் பயத்துலயே செத்திருப்பேன். இதயா ஏழு மாசமா மனசுல வெச்சிருந்தீங்க?"

நான் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் பாவமென்று நான் சுமந்த அந்த நாற்பது நிமிடம், தரையில் கிடந்தவளுக்குத் துணையாக இருந்திருக்கிறது. இதை எங்கே வைப்பது, எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இவ்வளவு பெரிய ஒருத்தியின் பக்கத்திலா நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்?

கிண்ணத்தை அவள் வாங்கி வைத்தாள்.

"திங்கக்கெழம ஆபீசுக்குப் போங்க. எனக்கு வேல இருக்குது."

நவம்பர் 25, திங்கள்

ஆபீசில் சேர்ந்தேன். எல்லோரும் விசாரித்தார்கள். ஸ்பீட் போஸ்ட் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். பதினொரு மணிக்குப் போனை எடுத்து வைத்தேன். பன்னிரண்டுக்கும். ஒரு மணிக்கு அதுவே அடித்தது.

"சாப்டீங்களா?"

பின்னால் டப், டப், டப் என்று ஆணி இறங்கும் சத்தம். அவளுக்கு இருப்பது ஒரு கை, அந்தக் கையில் கன் இருக்கிறது.

"போன எதுல புடிச்சிருக்கே?"

"ஸ்பீக்கர்ல போட்டு அலமாரியில வெச்சிருக்கேன். நீங்க கேள்வி கேக்காம சாப்புடுங்க."

டக் என்று ஒரு சத்தம். புஸ். மறுபடியும் டக். கன் மாற்றுகிறாள். வரிசையில் நின்ற பெண்மணி, "சார், கவரு" என்றார். எத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ.

டிசம்பர் 2, திங்கள்

இன்று அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மாலை போனபோது தலைமுடியெல்லாம் மரத்தூளோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 13, வெள்ளி

நாற்பது.

டிசம்பர் 15, ஞாயிறு

ரங்கநாயகி டெம்போ கொண்டு வந்தாள். பெட்டிகளை ஏற்றியதும், "அக்கா, நீங்களும் வாங்க, குடிவெக்கறதப் பாத்துட்டுப் போலாம்" என்றாள். கோகிலா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் பெட்டிகளோடு.

தோப்புக்குள் நுழைந்ததும்தான் கோகிலா சொன்னாள், பதினோரு வருடத்தில் தேனீ இருக்கிற பெட்டியை ஒருமுறைகூடப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று. செய்து கொடுத்ததோடு சரி, ஆட்கள் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். எனக்கு அதுவும் தெரியாது.

ரங்கநாயகி முகத்தில் வலை கட்டிக்கொண்டு, நிரம்பிய ஒரு பழைய பெட்டியைத் திறந்தாள். எங்களைப் பத்தடி தள்ளி நிறுத்தினாள். அடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதுப் பெட்டிக்குள் இறக்கினாள். அடை முழுக்கப் பழுப்பாகத் தேனீக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ஓர் அடையை நிறுத்தி, "ராணி! அக்கா, பாருங்க, ராணி!" என்று விரலால் காட்டினாள். மற்றவற்றைவிட நீளமாக, அவசரமே இல்லாமல் ஒன்று நடந்து போயிற்று. வழியிலிருந்தவை ஒதுங்கி இடம் விட்டன.

மூடியைப் போட்டாள். வெளியே சுற்றிக்கொண்டிருந்தவை கொஞ்ச நேரம் குழம்பின. பிறகு ஒன்று வாசலைக் கண்டுபிடித்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக, யாரோ கூப்பிட்டதைப் போல, எல்லாமே உள்ளே போக ஆரம்பித்தன. கோகிலா அசையவில்லை. தான் ஆணி அடித்த பலகையின் விளிம்பில் அவை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அரை மணி நேரம் கழித்து ரங்கநாயகி அழைத்தாள். "இப்ப ஒண்ணும் பண்ணாதுங்க. பின்பக்கமா வந்து காத வெச்சுக் கேளுங்க அக்கா. போஸ்டாபீஸ் அண்ணா, நீங்களுந்தான்."

கோகிலா பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். நான் பிடிக்கப் போனேன். அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். பலகையில் காதை வைத்தாள். நான் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு என் காதை வைத்தேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. காதுக்குக் கேட்டது என்பதைவிடக் கன்னத்து எலும்புக்குக் கேட்டது என்று சொல்லலாம். ஆயிரக்கணக்கான சிறகுகள் சேர்ந்து ஒரே சுருதியில், நிற்காமல். அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் ஓர் ஊரே குடிவந்து பேசிக்கொண்டிருந்தது. பலகை லேசாகச் சூடாகியிருந்தது.

பெட்டிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அகல விரிந்து, என்னைப் பார்த்தபடி.

"கேக்குதுங்களா?" என்றாள், மெதுவாக.

"கேக்குது."

"பேசாதீங்க" என்றாள். "கேளுங்க."